இருபத்திரண்டு கிணற்றிலும் நனையாதவர்

பிள்ளைகளே, இராமேஸ்வரம் கோவிலில் இருபத்திரண்டு தீர்த்தக் கிணறுகளிலும் குளித்துவிட்டு, சொட்டச் சொட்டத் தரிசன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் குட்டையான ஓர் அம்மா தன் நாத்தனாரிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"மதினி, ஒரு கிணத்துத் தண்ணிகூட என் மேல விழல. சாமி கண்ணுக்கு நான் தெரியவே மாட்டேனா?"

"ஏத்தா, எந்தம்பி முதுகுக்குப் பின்னால நின்னா எப்படித் தெரியும்?"

"ஊத்துன வாளித் தண்ணி பூராத்தையும் அவுகளே வாங்கிக்கிட்டாக மதினி. முதுகுளத்தூர்ல இருந்து இதுக்கா வந்தேன்?"

"அழுகாதத்தா. சாமி ஏதாச்சும் நெனச்சுத்தான் வச்சிருப்பாரு."

"நெனச்சத என்கிட்டயும் ஒரு வார்த்த சொன்னா என்னவாம்?"

அப்போது வாசலில் நின்ற காவலர், "ஈரத் துணியோட சாமி பாக்கக் கூடாது. எல்லாரும் மாத்திட்டு வாங்க!" என்று சத்தம் போட்டார். பிறகு அந்த அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க காஞ்சுதானம்மா இருக்கீக? உள்ள போங்க."

வரிசை மொத்தமும் மாற்றுத் துணி தேடி ஓடியது, நானும் ஓடினேன். அந்த அம்மா மட்டும் தனியாக உள்ளே நடந்தார். வாசலில் நின்று திரும்பிக் கத்தினார்.

"மதினி, நீங்களும் வந்திருக்கீகன்னு சாமிகிட்ட சொல்லி வைக்கிறேன்!"