திறந்திருப்பதாகக் காட்டிய பாதை

என் பெயர் கத்தரீனாள். வயது எழுபத்திரண்டு. காலஞ்சென்ற கபிரியேலின் மனைவி. போடிமெட்டிலிருந்து பூப்பாறை செல்லும் சாலையில் சொந்த வீட்டில் தனியாக வசிக்கிறேன். போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிவரும் நான்கு ஜீப்புகள் என் பெயரில் உள்ளன. காவல் உதவி ஆய்வாளர் என் வாக்குமூலத்தை மலையாளத்தில் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்று பின்னால் பேச்சு வரக் கூடாது என்பதால், அவர் முன்னிலையில் தமிழில் என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

எங்கள் ஜீப்புகள் செல்லும் சன்னாசிமேட்டு எஸ்டேட் பாதையில் மழைக்காலத்தில் மண் சரியும். பாதை திறந்திருக்கிறதா என்று ஓட்டுநர்கள் தினமும் விடியுமுன் எனக்குப் போன் செய்வார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. எர்ணாகுளத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் என் தங்கை மகள் ஆன்மேரி, பாதையின் நிலையை மொபைலில் பார்த்துக்கொள்ள ஒரு இணையப் பக்கம் செய்து தந்தாள். அதன் பின், பக்கத்தைப் பார், என்னைக் கூப்பிடாதே என்று ஓட்டுநர்களுக்கு உத்தரவிட்டேன்.

பக்கத்தில் எதை மாற்றினாலும் கோப்புகளை ஒவ்வொன்றாக சர்வருக்கு ஏற்ற வேண்டியிருந்தது. நான் ஒன்றை விட்டுவிடுவேன் என்று பயந்து, ஆன்மேரி என் கணினியில், வேலைகளை வரிசையாக முடித்துத் தரும் ஒரு நிரலைப் போட்டு, அதனுடன் சர்வருக்கு அனுப்பும் பிளகின் என்ற துணை நிரல் ஒன்றையும் இணைத்தாள். அதன் பின் ஒரே கட்டளை போதும். நான் எந்த ஃபோல்டரைத் திறந்து கட்டளை கொடுக்கிறேனோ, அதில் உள்ள அனைத்தையும் அது கட்டி அனுப்பி, சர்வரில் இருந்ததற்குப் பதிலாக வைத்துவிடும்.

"மொதல்ல டெஸ்ட் பக்கத்துக்கு அனுப்புங்க பெரியம்மா. கண்ணால பாத்துட்டு ஒரிஜினலுக்கு அனுப்புங்க" என்றாள். "எனக்கு டெஸ்ட் வைக்கிற அளவுக்கு நீ வளந்துட்டியா?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, நேராக ஒரிஜினல் பக்கத்துக்கே போகும்படி மாற்றிக் கொடுத்தாள். அவள் மீது குற்றமில்லை.

நான் கான்வென்ட்டில் படித்தவள். எங்களுக்கு ரஃப் நோட்டு வேறு, ஃபேர் நோட்டு வேறு. கணினியிலும் அப்படியே வைத்துக்கொண்டேன். தினமும் மாறும் பாதை நிலையை ஒரு ஃபோல்டரில் திருத்துவேன். முழுவதையும் பிரதி எடுத்து 'ஃபேர்' என்று பெயரிட்ட இன்னொரு ஃபோல்டரில், நிரந்தரமான விஷயங்களை மட்டும் திருத்துவேன். இதை ஆன்மேரியிடம் சொல்லவில்லை.

கடந்த வியாழக்கிழமை மாலை பாதையில் பாறை விழுந்தது. எஸ்டேட் மேலாளர் சொன்னதும், பாதை மூடப்பட்டுள்ளது என்று மாற்றி அனுப்பினேன். அதைப் பார்த்த பிறகும் வெள்ளி விடிகாலையில் இரண்டு ஓட்டுநர்கள் போன் செய்து, நிஜமாகவே மூடியாச்சா என்று கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தின் அடியில் இருந்த என் தொலைபேசி எண்ணை நீக்குவதென்று முடிவு செய்தேன். அது நிரந்தரமான மாற்றம் என்பதால் ஃபேர் ஃபோல்டரைத் திறந்து எண்ணை நீக்கி, அங்கிருந்தே கட்டளையைக் கொடுத்தேன். பிழையின்றி முடிந்தது என்று பச்சை எழுத்தில் வந்தது. பக்கத்தைத் திறந்து பார்க்காமல் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தேன். ஃபேர் ஃபோல்டரில், நான் பிரதி எடுத்த நாளில் இருந்தபடி, பாதை திறந்துள்ளது என்றே இருந்தது.

அதன் பின், என் ஓட்டுநர் பெரியமுத்து தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் சென்றதும், பாறை கிடந்த வளைவில் ஜீப் சரிந்து கவிழ்ந்ததும், மாரித்தாய் என்பவருக்குக் கால் முறிந்ததும் வழக்கில் உள்ளவை. செய்தி வந்ததும் பக்கத்தைப் பார்த்தேன். திறந்துள்ளது என்றிருந்தது. சம்பவ இடத்துக்குப் புறப்படுமுன், சரியான ஃபோல்டரிலிருந்து, மூடப்பட்டுள்ளது என்று மறுபடி அனுப்பினேன். அந்த ஜீப்புக்கு இனி அதனால் பயனில்லை என்று தெரிந்தே அனுப்பினேன்.

அங்கே உதவி ஆய்வாளர் தம் மொபைலில் பக்கத்தைத் திறந்தபோது மூடப்பட்டுள்ளது என்றே இருந்தது. "காலையில தொறந்துருக்குன்னுதான் சார் போட்டுருந்துச்சு. கேக்கலாம்னா, கூப்புடக் கூடாதுன்னு நம்பரயும் எடுத்துருந்தாங்க. அம்மாவையே கேளுங்க" என்றார் பெரியமுத்து. என்னைக் கேட்டார்கள். "நேத்து சாயங்காலமே மூடியாச்சுன்னு போட்டுட்டேன்" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய் வராதபடி சொற்களைப் பார்த்துத்தான் சொன்னேன். பெரியமுத்துவின் உரிமத்தை வாங்கிக்கொண்டு அவர் மீது வழக்குப் பதிந்தார்கள். அன்றே நான் அவரை வேலையிலிருந்து நிறுத்தினேன்.

அதன் பின் ஞாயிறு பூசை முடிந்து, ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு மாரித்தாயைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட காலோடு எழுந்து உட்காரப் பார்த்தார். "வாங்க மொதலாளியம்மா. நீங்க மூடியாச்சுன்னு எழுதிப் போட்டும், அந்த எருமப்பய தொறந்துருக்கு ஏறுங்கங்கிறான்" என்றார். "பொண்டாட்டி மூஞ்சில முழிச்சிட்டு வந்துருப்பான், கண்ணு அவிஞ்சிருக்கும்" என்றார் பக்கத்துக் கட்டில்காரப் பெண். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு மாரித்தாய் என் கையைப் பிடித்து, "எங்க உசுரு மேல ஒங்களுக்கு இருக்கிற அக்கற அவனுக்கு இல்லையேம்மா" என்றார். கையை உடனே இழுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் விடும்வரை நின்றேன்.

வெள்ளி காலை பெரியமுத்து பார்த்த பக்கம் திறந்துள்ளது என்றே காட்டியது. அதை அனுப்பியவள் நான். அவர் என் உத்தரவுப்படி நடந்தார். அவர் மீதுள்ள வழக்கை இதைக் கொண்டு மறுபரிசீலனை செய்யும்படியும், என் மீது எடுக்க வேண்டிய நடவடிக்கையை வயதைக் காரணம் காட்டிக் குறைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். என் கணினியை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இங்கிருந்து நேரே மாரித்தாயிடம் போகிறேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வார்டில் எல்லோரும் இருக்கும்போது வாயால்தான் சொல்ல வேண்டும்.

மேலே எழுதியதை இருமுறை வாசித்துப் பார்த்தேன். யாரும் வற்புறுத்தாமல், நடந்தது நடந்தபடி எழுதியிருக்கிறேன் என்று உறுதி கூறிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
க. கத்தரீனாள்