பின்னறையின் ஒரே பிளக் பாயிண்ட்

உங்கள் அறை கதகதப்பாக இருக்கிறது, ஐயா. ஹீட்டரின் வயரை நேராகச் சுவரிலேயே செருகியிருக்கிறீர்கள், காஸ் குழாயும் மடங்காமல் கிடக்கிறது. உள்ளே வந்ததும் அதைத்தான் பார்த்தேன். பலர் வீட்டில் இப்படி இருக்காது. எங்கள் வீட்டில் இருந்தது.

என் மாமியார் தொமெனோவுக்குக் குளிர் ஆகவே ஆகாது. படுத்த படுக்கையாகி எட்டு வருஷம், கண்ணும் போய்விட்டது. அவருடைய பிள்ளை, அதாவது என் கணவர் தகுஜி, அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார். மண்ணெண்ணெய் அடுப்புக்கு எண்ணெய் சுமந்து சுமந்து என் இடுப்பு விட்டுப்போனதும், டோக்கியோவில் இருக்கும் நாத்தனார் ரித்சுகோ தன் வீட்டில் பழசாகிவிட்ட காஸ் ஹீட்டரை அனுப்பி வைத்தாள். அவள் வரவில்லை, ஹீட்டர் வந்தது.

போன குளிர்காலத்தில் காஸ் கடைக்காரர் ஹன்சவா வந்து மாட்டினார். நல்ல மனிதர். தரையிலிருக்கும் காஸ் இணைப்பில் குழாயை ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினார், சோப்பு நுரை தடவிக் கசிகிறதா என்று பார்த்தார். ஹீட்டரின் விசிறி ஓட மின்சாரமும் வேண்டும். பின்னறையில் இருப்பதோ ஒரே ஒரு பிளக் பாயிண்ட், இரண்டு செருகலாம். ஒன்றில் பூஜை மாடத்தில் தகுஜியின் படத்துக்கு முன்னால் எரியும் சின்ன விளக்கு. இன்னொன்றில், காற்று கெட்டால் வீல் என்று கத்தும் அலாரம்.

“அம்மா, விளக்கைக் கழட்டிட்டு ஹீட்டரைச் செருகிக்கோங்க. அலாரத்துல மட்டும் கை வைக்காதீங்க. நீட்டு வயரெல்லாம் வேணாம், சூடாயிடும். மணிக்கு ஒரு தரம் ஜன்னலைத் திறங்க, இல்லேன்னா உள்ள விஷக்காத்து சேர்ந்துடும். ஹீட்டருக்குப் பின்னாடி இருக்கற வலையில தூசி சேர விடாதீங்க” என்றார் ஹன்சவா.

“என் பிள்ளை விளக்கையா?” என்றார் அத்தை படுக்கையிலிருந்து. “செத்தும் அவன் இருட்டுல கிடக்கணுமா? மசாயே, உனக்கு எப்படி மனசு வருது?”

மனசு வரவில்லைதான். ஆனாலும் கழற்றினேன். அன்று மாலை, “விளக்கு எரியுதா?” என்று கேட்டார். “எரியுது அத்தை” என்றேன். அன்றிலிருந்து தினமும் கேட்டார், தினமும் சொன்னேன்.

ஹன்சவா சொன்ன ஜன்னலை அத்தை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். “மசாயே, ஜன்னலைத் திற.” திறந்தால், “என்னைக் குளிர்லயே கொன்னுடலாம்னு பாக்கறியா? மூடு.” மூடிவிட்டு அடுப்படிக்குப் போவதற்குள் மறுபடி கூப்பிடுவார். நான் குறை சொல்லவில்லை. முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு எழுதிப் போட்டிருந்தோம். இந்த வருஷம் பனி விழத் தொடங்குமுன் போய் விசாரித்தேன். “உங்க மாமியார் உங்க கையில நல்லா இருக்காங்கம்மா. கேக்க நாதியில்லாம கிடக்கறவங்களுக்குத்தான் முதல்ல இடம்” என்றாள் அங்கிருந்த பெண். நன்றாகப் பார்த்துக்கொண்டதால் இடமில்லை. ரித்சுகோவிடம் போனில் சொன்னேன், அவள் சிரித்தாள். “அண்ணி, உங்க கைராசிக்கு அம்மா நூறைத் தாண்டிடுவாங்க பாருங்க.”

எனக்கு அறுபத்து மூன்று வயது. போனை வைத்துவிட்டு அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஜன்னல் இடுக்குகளில் பஞ்சு நாடா ஒட்டினேன். குளிர்காலத்தில் ஊரே ஒட்டுவதுதான். அத்தைக்கும் இதமாக இருந்தது. ஹீட்டரின் வலையைத் தட்டுவதும் விட்டுப்போயிற்று, இடுப்பு வலி. ஒரு மதியம் அலாரம் கத்தியது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் போட்டது போட்டபடி ஓடினேன். நாடாவைப் பிய்த்து ஜன்னலைத் திறந்தேன், ஹீட்டரை அணைத்தேன், அத்தையை நடைக்கு இழுத்து வந்து முதுகைத் தடவினேன். நினைவு வந்ததும், “எங்கடி போய்த் தொலைஞ்சே?” என்றார்.

யோசித்து ஓடவில்லை, ஐயா. கால் தானாக ஓடியது. அப்போதுதான் என்னைப் பற்றி எனக்கே விளங்கியது. அது கத்தினால் நான் ஓடுவேன். எத்தனை தரம் கத்தினாலும் ஓடுவேன்.

நாடாவை மறுபடி ஒட்டினேன்.

தெருவே சேர்ந்து பனி அள்ளும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கிளம்புமுன் அலாரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் தகுஜியின் விளக்கைச் செருகினேன். பெற்றவளிடம் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, பிள்ளையின் விளக்கு எரியட்டும் என்றுதான் செய்தேன். வீட்டுக்கு வந்த போலீஸ்காரரிடம் இதைத்தான் சொன்னேன். அவரும் தலையாட்டினார், பாவம்.

எங்கள் வாசலை முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஃபுசாகோவின் வாசலையும் அள்ளினேன். “என்னக்கா இது அதிசயமா எங்க வாசலையும் அள்றீங்க? நாளைக்கு இன்னும் பனி கொட்டப் போகுது பாருங்க” என்று கேலி செய்தாள். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தேன். எட்டு வருஷத்தில் இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்து குடித்த டீ அது ஒன்றுதான். எங்கள் வீட்டுப் பக்கம் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

மாடத்து விளக்கு எரியவே இல்லையே என்று கேட்கிறீர்கள். ஆமாம், எரியாது. கோடையில் ஹீட்டரை எடுத்து வைத்தபோதே விளக்கைத் திரும்பச் செருகிப் பார்த்தேன், பல்பு போயிருந்தது. மாற்றவில்லை. தெரிந்தேதான் அன்றைக்கும் செருகினேன். அலாரம் இருந்த இடம் வெறுமனே இருந்தால் நன்றாக இருக்காது என்று தோன்றியது.

அன்று கிளம்பிக் கதவைச் சாத்தும்போது அத்தை வழக்கம்போலக் கேட்டார். “மசாயே, விளக்கு எரியுதா?”

“எரியுது அத்தை. நீங்க தூங்குங்க.”

அந்த ஒரு பொய்தான் எனக்கு உறுத்துகிறது, ஐயா. மற்றபடி அவருக்குக் கடைசிவரை குளிரவே இல்லை.