கதவளவுப் படம்

பெரிய மாப்பிள்ளை: தேர்வான படத்தை யாராவது திருப்பித் தருவாங்களா?

சின்ன மாப்பிள்ளை: தந்துட்டாங்களே அண்ணே. கண்காட்சில மாட்ட முடியாதுன்னு.

பெரிய மாப்பிள்ளை: அடப்பாவமே! உக்காருங்க சகலை. நின்னுக்கிட்டே சொன்னா எனக்கு வருத்தப்படக்கூட வர மாட்டேங்குது.

அக்கா: அவருக்கு உக்காந்தாலும் வராது தம்பி. முகத்தைப் பாருங்க, லாட்டரி விழுந்த மாதிரி.

பெரிய மாப்பிள்ளை: நீ உள்ள போய் வேலையைப் பாரு. தங்கச்சி புருஷன் வாசப்படி ஏறினா போதும், உடனே கட்சி மாறிடுவா.

அக்கா: உள்ள என்ன வேலை? உங்க சட்டையைத் துவைக்கலாம்னா பாக்கெட் பூரா மூக்குக்கண்ணாடிச் சில்லு. போன வாரம் என் விரலைக் கிழிச்சுது.

பெரிய மாப்பிள்ளை: சில்லு இல்லடி, பவர் கண்ணாடி. எங்க மூக்குக்கண்ணாடிக் கடைல கழிச்சுப் போட்டது. கேமரா முன்னால லேசா சாய்ச்சுப் பிடிச்சா பாதிப் படம் அப்படியே கரையும். உனக்கெங்க புரியப் போகுது...

அக்கா: கரையறது என் சோப்புதான்.

சின்ன மாப்பிள்ளை: இல்லக்கா, நிஜமாவே நல்ல வித்தை. நானும் வீட்ல வெச்சுப் பிடிச்சுப் பாத்தேன். எனக்கு வெறும் அழுக்கு மாதிரிதான் விழுது.

பெரிய மாப்பிள்ளை: ஆமா, வித்தை எங்கிட்ட, சுவரு உங்ககிட்ட! எத்தனை வருஷமா கொடுக்கறேன்... ஒண்ணு, ஒரே ஒரு படம் அந்தக் கண்காட்சி மண்டபத்துச் சுவத்துல ஏறிச்சா? நீங்க கேமரா வாங்கின சூடு ஆறல, அதுக்குள்ள...

சின்ன மாப்பிள்ளை: அதான் இறங்கிடுச்சே அண்ணே.

பெரிய மாப்பிள்ளை: ஏறினாத்தானே இறங்கும்? எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல. அது போகட்டும், தேர்வானதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?

சின்ன மாப்பிள்ளை: மாட்டினதும் நேரா உங்களைக் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன். சொல்லாம.

பெரிய மாப்பிள்ளை: ஓ... நான் வந்து முன்வரிசைல நின்னு கை தட்டணுமாக்கும்.

அக்கா: தட்டினா என்ன, கை தேஞ்சா போயிடும்?

பெரிய மாப்பிள்ளை: சரி, காரணம் என்ன சொன்னாங்க?

சின்ன மாப்பிள்ளை: படத்தோட அளவு சின்னதாம். வாசல்ல நுழைஞ்சதும் எதிர்ல ஒரு பெரிய சுவரு இருக்குல்ல... அதுல கதவளவு பெருசு பண்ணி மாட்டறதா இருந்தாங்க.

பெரிய மாப்பிள்ளை: அந்தச் சுவத்துலயா? கதவளவா?

சின்ன மாப்பிள்ளை: ஆமா. பெருசு பண்ணிப் பாத்தா எல்லாம் கட்டம் கட்டமா உடையுதாம். மனசே இல்லாமதான் எடுத்திருக்காங்க. இந்த வருஷத்துல வந்ததுலயே இதுதான் நல்ல படம்னு...

பெரிய மாப்பிள்ளை: போதும் போதும். போன படத்துக்கு என்ன புகழ்மாலை?

சின்ன மாப்பிள்ளை: நீங்களே பாருங்களேன். போன்ல வெச்சிருக்கேன்.

பெரிய மாப்பிள்ளை: அப்புறம் பாக்கறேன். இப்ப லென்ஸ் துடைச்சிட்டு இருக்கேன், தூசி விழும்.

அக்கா: காலைலேர்ந்து அதே லென்ஸைத்தான் துடைக்கறார் தம்பி. இன்னும் துடைச்சா ஓட்டை விழும். நீங்க புதுக் கேமரா கொண்டுவந்து அந்தப் பிளாஸ்டிக்கை உரிச்சீங்களே, அன்னிலேர்ந்து இப்படித்தான். அன்னிக்கு சாப்பிடக்கூட இல்ல.

பெரிய மாப்பிள்ளை: பசி இல்ல, சாப்பிடல.

அக்கா: எங்கப்பா வேற சும்மா இல்லாம, ‘சின்ன மாப்பிள்ளை எடுத்தா என் சுருக்கம்கூட எண்ணலாம்’னு சொல்லிட்டார்.

பெரிய மாப்பிள்ளை: அவர் சுருக்கத்தை எண்ணி என்ன பண்றதாம்? நான் எடுத்துக் கொடுத்த படம் அவங்க வீட்டு பீரோ மேல குப்புறக் கிடக்கு. சின்னவர் எடுத்தது கூடத்துல நடுநாயகமா தொங்குது! கேக்கறேன் சகலை, கேமராவை எப்படிப் பிடிக்கணும்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?

சின்ன மாப்பிள்ளை: நீங்கதான். நான் எங்க இல்லைன்னேன்?

பெரிய மாப்பிள்ளை: நீங்க இல்லைன்னு சொல்ல மாட்டீங்க. ஊர்ல எவனும் கேக்கவும் மாட்டான்... புது மிஷின்னா அப்படித்தான், திடீர்னு கால வாரும். பழசு அப்படிப் பண்ணாது.

சின்ன மாப்பிள்ளை: அதுதான் எனக்கும் புரியல. ஏரிக்குப் போனோமே, அன்னிக்கு விடியறப்போ எடுத்ததெல்லாம் பெருசாத்தான் இருக்கு. டீ குடிச்சதுக்கு அப்புறம் எடுத்தது எல்லாம் சின்னது.

பெரிய மாப்பிள்ளை: டீக்கு அப்புறமா?

சின்ன மாப்பிள்ளை: ஆமா. ஏன் அண்ணே?

பெரிய மாப்பிள்ளை: ஒண்ணுமில்ல. பைக்குள்ள இருக்கறப்போ ஏதாவது பொத்தான் அழுந்தியிருக்கும்.

சின்ன மாப்பிள்ளை: அணைச்சுதான் வெச்சிருந்தேன்.

பெரிய மாப்பிள்ளை: அணைச்சா என்ன? பஸ்ல அந்தக் குலுக்கு குலுக்கினா நம்ம எலும்பே இடம் மாறுது. எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? உங்க கேமராவை நான் தொட்டதே இல்ல.

சின்ன மாப்பிள்ளை: தொட்டதே இல்லையா?

பெரிய மாப்பிள்ளை: அதாவது... டீ குடிச்சிட்டுக் கரைல இறங்கினதும் நீங்க சேத்துல கால விட்டீங்க. கழுவிட்டு வர்றவரைக்கும் பிடிங்கன்னு கொடுத்தீங்க. அதோட விட்டீங்களா? ‘வேணும்னா நாலு எடுத்துக்கோங்க அண்ணே’ன்னு ஒரு தாராளம்! பிச்சை போடற மாதிரி. எனக்கு எரிச்சல்ல கண்ணு மண்ணு தெரியல. படகுப் பக்கம் ரெண்டு தட்டு தட்டிட்டுக் கொடுத்துட்டேன். என்ன விழுந்துச்சுன்னு திரையக்கூடப் பாக்கல.

சின்ன மாப்பிள்ளை: பாத்திருக்கலாம்.

பெரிய மாப்பிள்ளை: எதுக்கு? உங்க கேமரா, உங்க கார்டு. ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு நான் ஏன் பேர் வெக்கணும்?

அக்கா: தம்பி ஆசையாத்தானே கொடுத்திருக்கார். அதையும் பிச்சைன்னா எப்படி?

பெரிய மாப்பிள்ளை: உனக்குத் தெரியாது. கைல அது உக்காந்த அழகு இருக்கே... நம்ம கைக்கே அளவெடுத்த மாதிரி. திருப்பிக் கொடுக்கறப்போ எப்படி இருந்துச்சு தெரியுமா?

சின்ன மாப்பிள்ளை: அண்ணே, ஒரு நிமிஷம் இந்தப் படத்தை...

பெரிய மாப்பிள்ளை: வேணாம்னேனே!

சின்ன மாப்பிள்ளை: சரி, விடுங்க. கேமரால அந்த அளவையாவது மறுபடி பெருசாக்கித் தாங்க. எவ்வளவு தேடியும் எங்க இருக்குன்னே தெரியல.

பெரிய மாப்பிள்ளை: இதுகூடத் தெரியாதா? இவ்வளவு விலை கொடுத்து வாங்கி என்ன புண்ணியம்? மெனுல ரெண்டாவது பக்கம் போங்க. கடைசி வரிக்கு மேல ஒரு அம்புக்குறி இருக்கும். அதை ரெண்டு தடவை அழுத்தினாத்தான் உள்ள போகும். ஒரு தடவை அழுத்தினா வெளிய வந்துடும். அதுல நடுவுல...

சின்ன மாப்பிள்ளை: உங்க கேமரால அந்த மெனுவே கிடையாதே அண்ணே.

பெரிய மாப்பிள்ளை: எல்லா கேமராவும் ஒண்ணுதான்... யாரோ சொன்னாங்க... கடைல ஒருத்தர்...

அக்கா: ஏங்க... நீங்களா?

பெரிய மாப்பிள்ளை: நான் என்ன பண்ணேன்?

அக்கா: என்னைப் பாத்துச் சொல்லுங்க.

பெரிய மாப்பிள்ளை: ஆமா! நான்தான்! போதுமா? டீக்கடை பெஞ்சுல பை என் மடில இருந்துச்சு. நீ அந்தப் பக்கம் திரும்பி எல்லாருக்கும் டீ சொல்லிட்டு இருந்தே. முதல்ல சும்மா பாக்கலாம்னுதான் எடுத்தேன். சத்தியமா. அப்புறம் என்னமோ... உடைக்க மனசு வரல. சின்னதாக்கினா போதும்னு தோணிச்சு. அவன் படம் உள்ளங்கை அளவோட நிக்கட்டும், அதுக்கு மேல வளர வேணாம்னு.

அக்கா: அடப்பாவி மனுஷா! என் தங்கச்சி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?

பெரிய மாப்பிள்ளை: வயிறு எரிஞ்சுதுடி! கண்ணு இருக்கு எனக்கு, கை இருக்கு, விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு ஓடற பைத்தியமும் இருக்கு. எங்கிட்ட இல்லாதது அந்தப் பெட்டி ஒண்ணுதான். அது அவன் கழுத்துல தொங்குது. திட்டு சகலை. நாலு வார்த்தை நல்லா திட்டிடு.

சின்ன மாப்பிள்ளை: எனக்குத் தெரியும் அண்ணே.

பெரிய மாப்பிள்ளை: தெரிஞ்சுதான் வந்தியா?

சின்ன மாப்பிள்ளை: அன்னிக்குப் பை உங்ககிட்டதானே இருந்துச்சு. நான் திட்ட வரல. வந்ததுலேர்ந்து ஒண்ணுதான் கேக்கறேன். இந்தப் படத்தைப் பாருங்க.

பெரிய மாப்பிள்ளை: கொடு. எவ்வளவு நல்லா இருந்தாலும் பாத்துத் தொலைக்கறேன். அதுதான் எனக்குத் தண்டனை.

சின்ன மாப்பிள்ளை: இந்தாங்க.

அக்கா: என்னங்க இருக்கு அதுல?

பெரிய மாப்பிள்ளை: படகுக்காரன் தண்ணிய வாரி வெளிய எறைக்கறான்... அதே நேரத்துல படகு மூக்குலேர்ந்து கொக்கு எழும்புது. தண்ணியும் ரெக்கையும் ஒரே வளைவு... எப்படிய்யா இது? இத்தனை வருஷமா அலையறேனே, இந்த மாதிரி ஒண்ணு என் கைல விழக் கூடாதா?

சின்ன மாப்பிள்ளை: கீழ் ஓரத்தைப் பாருங்க.

பெரிய மாப்பிள்ளை: கரைஞ்சு போயிருக்கு... ஏரி அப்படியே... டேய், இது பவர் கண்ணாடி பிடிச்சு எடுத்தது! என் வித்தையையும் திருடிட்டியா? அவ்வளவு பெரிய கேமரா வெச்சிருக்கே, இது ஒண்ணாவது எங்கிட்ட இருந்துட்டுப் போகட்டும்னு விட மாட்டியா?

சின்ன மாப்பிள்ளை: எனக்கு எங்கண்ணே அது வருது? கால் கழுவிட்டுத் திரும்பறேன், ஒரு கைல என் கேமராவும் இன்னொரு கைல அந்தக் கண்ணாடிச் சில்லுமா நீங்கதான் நின்னுட்டு இருந்தீங்க. வீட்டுக்கு வந்து இதைப் பாத்ததும் எனக்கும் வயிறு எரிஞ்சுது... பேசாம என் பேர்லயே கொடுத்துடலாமான்னுகூட நெனச்சேன். மனசு கேக்கல. உங்க பேர்லதான் கொடுத்தேன். அந்தப் பெரிய சுவரு உங்களுக்கு ஒதுக்கினது அண்ணே.