பத்துக்கு எத்தனை?

அதிகாரி: ...உன் படிவம் இருக்கே டாக்டரம்மா, கைதி ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டாலே கரைஞ்சிடுது!

டாக்டர்: உங்களுது மட்டும் என்னவாம் அக்கா? பழைய கேஸ் எத்தனை, உள்ளே போனப்ப வயசு என்ன, யார்கூடயாவது ரெண்டு வருஷம் குடும்பம் நடத்தினானா... இல்லன்னா ஆபத்து ஒரு மார்க் கூடுமாம். அந்தக் கேள்விக்கு எனக்கே ஒரு மார்க் விழும்!

அதிகாரி: உங்கம்மா சொல்லியும் நீ கேக்கல. படிவம் சொன்னாலாவது கல்யாணம் பண்ணிக்கோ.

டாக்டர்: ஐயே! அவன் மாறியிருக்கானான்னு உங்க படிவம் ஒரு வார்த்தை கேக்குதா?

அதிகாரி: உன்னுது கேக்குது. ஜெயில்ல உக்காந்துக்கிட்டு ‘நான் மாறல’ன்னா சொல்லுவான்?

டாக்டர்: சரி, சண்டை வேண்டாம். நாளைக்கு இவனை விடலாமான்னு குழு கூடுது. திரும்பச் செய்யற ஆபத்து பத்துக்கு ஆறு மார்க்குக்கு மேல போனா உள்ளேயே இருப்பான். இல்லன்னா வீட்டுக்கு.

அதிகாரி: வீடுன்னா... அவன் கெடுத்த அந்தப் பொண்ணு வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. அவ அம்மா இன்னைக்கும் போன் பண்ணா. ‘அவன் வந்துட்டா என் பொண்ணு ஸ்கூலுக்கு எந்தப் பக்கமாப் போவா?’ங்கறா.

டாக்டர்: எடுங்க அக்கா, மார்க் போட்ட தாளை ஒண்ணா வைப்போம். ஒருத்தர் மார்க்கை ஒருத்தர் பாக்கலையே?

அதிகாரி: சேச்சே! பாக்கக் கூடாதுன்னா பாக்கக் கூடாது.

டாக்டர்: ஒண்ணு... ரெண்டு... அக்கா! உங்களுதா மூணு?

அதிகாரி: உன்னுது ஏழா? நேத்து மூணுதானே போட்டிருந்தே!

டாக்டர்: நேத்து... அதை நீங்க எப்படிப் பாத்தீங்க?

அதிகாரி: அது... நீ டீ குடிக்கப் போனியா... மேஜைல திறந்து கிடந்துச்சு. இவ்வளவு படிச்ச பொண்ணு மூணுங்கறா, நாமதான் எல்லாரையும் சந்தேகப்படறோமோன்னு மாத்திட்டேன்.

டாக்டர்: போச்சுடா! உங்க முப்பது வருஷ அனுபவம் ஏழுங்குது, நமக்கு என்ன தெரியும்னு... நான் உங்க டிராயரைத் திறந்து பாத்து மாத்திட்டேன்.

அதிகாரி: அடிப்பாவி! வாய் கிழியச் சண்டை போட்டுட்டு...

டாக்டர்: நீங்களும்தான்! முதல்ல போட்டதையே எழுதிடுவோம். உங்களுது ஏழு, என்னுது மூணு.

அதிகாரி: ஆமா. ஒத்துப் போகலன்னா பெரிய டாக்டர்கிட்டப் போகும். அவராவது நம்ம மார்க் தெரியாம புதுசாப் போடட்டும்... ஏன்டி நகத்தைக் கடிக்கறே?

டாக்டர்: காலைல போன் பண்ணினாரு அக்கா... ரெண்டு பேரும் என்ன போட்டீங்கன்னாரு. அப்ப நான் இன்னும் மாத்தல, ஏழும் மூணும்னு சொல்லிட்டேன். ‘எதுக்கு வம்பு, என்கிட்ட வந்தா நடுவுல அஞ்சு போட்டுடறேன்’னாரு.