பின்னறைத் தெரு

தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றக் கூடாது, சார். புதிதாக மாடல் செய்ய வருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள். மாடலில் தண்ணீருக்கு ரெசின் என்று ஒரு பிசின் இருக்கிறது. பைபர் கிளாஸ் வேலை செய்கிறவர்களிடம் கிடைக்கும். அதைத் தகடு கனத்துக்கு ஊற்றி, அது இறுகிக் கண்ணாடியான பிறகுதான் அடுத்த படலத்தை ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் உள்ளே சூடேறி விரிசல் விட்டுவிடும். என் கால்வாயில் ஒரு விரிசல்கூடக் கிடையாது. நீங்களே போய்ப் பார்க்கலாம், வீட்டுச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது.

நீங்கள் தமிழ்க்காரர் என்று தெரிந்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. உங்கள் சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான், டீகூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் 'ஜல்தி போலோ, ஜல்தி போலோ' என்று அவசரப்படுத்துகிறார். சில விஷயங்களை ஜல்தியாகச் சொன்னால் கேட்கிறவருக்குத் தப்பான அபிப்பிராயம் வந்துவிடும்.

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். அப்பா கருப்பசாமி மத்திய அரசாங்கத்தில் கிளார்க். நான் சிறுவனாக இருந்தபோதே டெல்லிக்கு வந்துவிட்டோம். சரோஜினி நகரில் தரைத்தளத்து குவார்ட்டர்ஸ். முன்னறையில் அப்பா, அம்மா பவுனுத்தாய், நான் என்று மூன்று பேரும் படுத்துக்கொள்வோம். பின்னறையை என் மாடலுக்கு விட்டிருந்தோம். முப்பது வயதாகியும் எனக்கு வேலை இல்லை என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எனக்கு வேலை இருந்தது. சம்பளம்தான் இல்லை.

கன்னாட் பிளேஸில் ஒரு விமானக் கம்பெனி ஆபீஸில் காலண்டர் கொடுப்பார்கள். அதில் ஒரு மாதத்துக்கு உரிய படம்தான் என் மாடல். ஏதோ வெளிநாட்டு ஊர். கல் பாவிய தெரு, அதை ஒட்டி ஒரு கால்வாய், குறுக்கே ஒரு சின்னப் பாலம், தண்ணீருக்குள் இறங்குகிற படிக்கட்டு. ஊர்ப் பெயர் அச்சிட்ட இடம் கிழிந்திருந்தது. பெயர் எனக்குத் தேவைப்படவும் இல்லை. தெருக் கற்களுக்குப் பலப்பம். பிள்ளைகள் சிலேட்டில் எழுதுவார்களே, அதேதான். பிளேடால் உளுந்தம்பருப்பு அளவுக்கு நறுக்கி, ஓரத்தை உரசி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்ட வேண்டும். நடந்து தேய்ந்த கல் நடுவில் வர வேண்டும், தேயாத கல் சுவரோரத்தில் வர வேண்டும். பார்க்கிறவர்கள் இதையெல்லாம் கவனிக்க மாட்டார்கள். ஆனால் மாற்றி ஒட்டினால் ஏதோ சரியில்லை என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்பா சம்பள நாளன்று பலப்பப் பெட்டியோடுதான் வருவார். நான் கேட்டதில்லை, அவராக வாங்கி வருவார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆபீஸிலிருந்து வந்து கால் கழுவியதும் நேரே பின்னறைக்கு வந்து முழங்காலிட்டு, கண்ணைத் தெரு மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பார். "எய்யா, இந்தப் படியில எறங்கி கால நனைக்கலாம் போலுக்கே" என்பார். ஒரு மாடலை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாடல் இரண்டு கட்டில் அளவு இருக்கும். துண்டு துண்டாகச் செய்து பிறகு சேர்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கட்டடங்களை அப்படிச் செய்யலாம். தண்ணீரை முடியாது. தண்ணீரின் நடுவில் ஒரு கோடு தெரிந்தால் அது தண்ணீர் இல்லை, கண்ணாடி ஓடு. அதனால் எல்லாவற்றையும் ஒரே பலகையில், அந்த அறைக்குள்ளேயே கட்டினேன். கதவு வழியாக அது வெளியே வராது. ஜன்னலைப் பெயர்த்தாலும் வராது, சுவரை இடிக்க அது சொந்த வீடும் இல்லை. அந்த அறையில்தான் அது இருக்க முடியும்.

எங்கள் காலனியில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்துபோனால், துக்கம் கேட்க வருகிறவர்கள் முதலில் எப்படி என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, சர்வீஸில் இருக்கும்போதா, ரிட்டயர் ஆன பிறகா என்பது. சர்வீஸில் என்றால் எல்லார் முகத்திலும் ஒரு ஆறுதல் வரும். பிள்ளைக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைக்கும், குவார்ட்டர்ஸும் பிள்ளை பெயருக்கு மாறிவிடும். எதிர் பிளாக் அருக்காணியக்காவின் வீட்டுக்காரர் ஆபீஸ் மாடிப்படியில் மாரடைப்பில் போனார். எட்டாம் வகுப்பைத் தாண்டாத அவர் மகன் இன்று பியூன்; அதே வீடு, அதே ஜன்னல் திரை. "புண்ணியவாளரு, சர்வீஸ்ல இருக்கும்போதே போயிட்டாரு" என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். ரிட்டயர் ஆகிறவர்களுக்கு ஒரு மாலை, ஒரு கடிகாரம். அப்புறம் கொஞ்ச நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வரும்.

அப்பாவுக்குப் பிறந்த நாள் ஜூலை ஒன்று. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு அதுதான் பிறந்த நாள். சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. ஐம்பத்தெட்டு நிறைகிற மாதத்தின் கடைசி நாளில் ரிட்டயர்மென்ட் என்பது எங்கள் காலனியில் குழந்தைக்கும் தெரியும். ஆக, ஜூலைக் கடைசி வரை அப்பா சர்வீஸில் இருப்பார்.

வீட்டைக் காலி செய்தால் என் தெருவை என்ன செய்வது என்று அவரிடம் பல தடவை கேட்டேன். "பாத்துக்கிடலாம்யா, ஒரு வழி இல்லாமலா போகும்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஜூலை பிறந்ததும் இன்னும் மோசம். வழக்கம்போல டிபன் கேரியரோடு காலையில் போவார், இருட்டின பிறகு திரும்புவார். செருப்பெல்லாம் வெள்ளைத் தூசி. அந்தக் காலோடு பின்னறைக்குள் வருவார். கேட்டால், "ஆபீஸ்ல வேல ஜாஸ்திய்யா." தலைக்கு மேல் வெள்ளம் வருகிறது, இந்த மனிதர் கவலையே இல்லாமல் இருக்கிறாரே என்று எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். கோபத்தில் எதுவும் செய்யவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ரிட்டயர் ஆனவர்கள் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து எப்படி ஆகிவிடுகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். அவருக்கு மிஞ்சியிருப்பது அப்படிப்பட்ட கொஞ்ச வருஷம். ஒரு பக்கம் அது. மறு பக்கம் அம்மாவுக்கு வீடு, எனக்கு வேலை, தெருவுக்கு அறை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அது ஞாயிற்றுக்கிழமை. அம்மா மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போயிருந்தாள். பின்னறையில் ஜன்னலோரம் இரும்பு ஸ்டாண்டில், தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற ஏர்கூலர் இருந்தது. அது கசியும், கீழே எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். டெல்லியில் ஜூலை மாதம் கூலர் பக்கத்தில் எத்தனையோ பேர் விழுகிறார்கள். நான் முதலில் மாடல் முழுவதையும் பாலிதீன் ஷீட்டால் மூடினேன். ஓரங்களை உள்ளே மடித்து விட்டேன். பிறகு அப்பாவைக் கூப்பிட்டுக் கூலருக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

"ஏன்யா மூடிட்ட?" என்று வாளியோடு வந்தவர் கேட்டார்.

"தூசிப்பா."

"ஆமா, நான்தான் மிதிச்சு மிதிச்சுக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்தார்.

பலகைகளை ஒட்டும்போது பாரத்துக்கு வைக்கிற பழைய கரி இஸ்திரிப் பெட்டி ஒன்று என்னிடம் உண்டு. அதன் முனையும் கூலர் ஸ்டாண்டின் முனையும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அதால் பின்தலையில் அடித்தேன். அவர் உடனே விழவில்லை. வாளி உருண்டது. திரும்பி நின்றார்; ரத்தம் காதை ஒட்டி இறங்கிச் சட்டைக் காலருக்குள் போயிற்று. கால் வழுக்கியது. பிடிமானத்துக்குக் கையை நீட்டினார். கைக்கு எட்டிய இடத்தில் மாடலின் ஓரம்தான் இருந்தது, சரியாகப் பாலம் இருக்கிற இடம். அதைப் பிடித்திருந்தால் நின்றிருப்பார். பாலிதீனைத் தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிடிக்க வேறு எதுவும் இல்லாமல் தரையில் விழுந்தார்.

"என்னமோ மேல விழுந்துருச்சுய்யா" என்றார். பிறகு, "பாலத்துல படல இல்ல?"

"படலப்பா" என்றேன். அது உண்மை. அதன் பிறகு இரண்டாவது தடவை அடித்தேன். மண்டை ஓடு ஒரு பக்கம் உள்ளே அமுங்கியது. அப்போதும் கால் ஆடிக்கொண்டிருந்தது, விரல்கள் ஈரத்தில் எதையோ தேடின. அதனால் மூன்றாவது தடவை. தேவைக்கு மேல் ஒரு அடிகூட அடிக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் தலையை ஸ்டாண்டின் முனையில் ஒருதரம் மோதிவிட்டு, பெட்டியைக் கழுவினேன், ஷீட்டை எடுத்தேன், சட்டை மாற்றினேன், பக்கத்து வீட்டைக் கூப்பிட்டேன். அழுகை தானாகவே வந்தது. நடிக்க வேண்டியிருக்கவில்லை.

விபத்து என்றுதான் எழுதிக்கொண்டார்கள். யமுனைக் கரையில் நிகம்போத் சுடுகாட்டில் கொள்ளி வைத்தேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர் தர்மன் மாமா வந்தார். என் வேலைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஒனக்குத் தெரியாதா? ஒங்கப்பா ஜூன் மாசக் கடைசியிலயே ரிட்டயர் ஆயிட்டாரே. நாங்கதான மால போட்டு அனுப்புனோம்."

"ஜூலை ஒண்ணுதானே பொறந்த நாள்" என்றேன்.

"அதான் தம்பி. ஒண்ணாம் தேதி பொறந்தவங்களுக்கு முந்துன மாசத்தோட முடிஞ்சிரும். ரூலே அப்படித்தான். சர்வீஸ்ல இருந்திருந்தா ஒனக்கு வேல வாங்கிக் குடுத்திருக்கலாம். இப்ப ஒண்ணும் பண்ண முடியாது."

அப்படி ஒரு விதி இருப்பது எனக்குத் தெரியாது, சார். யானைக்கும் அடி சறுக்கும். இந்த விவகாரம் முழுவதிலும் என் பக்கத்துத் தவறு என்றால் அது ஒன்றுதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வேலை முடிந்த மனிதர் தினமும் டிபன் கேரியரோடு எங்கே போனார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. அதற்கும் இரண்டு நாளில் பதில் வந்தது. தலைப்பாகையும் சிமென்ட் படிந்த காலுமாக ஒருவர் வாசலில் நின்றார். பெயர் பெரியண்ணன் என்றார். சேலத்துப் பக்கத்துக் கொத்தனார், மயூர் விஹாரில் கூட்டுறவு சொசைட்டி வீடு கட்டுகிறவர். அப்பா இறந்த செய்தி அவருக்குத் தெரியவில்லை. அம்மா சொன்னதும் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா பங்கு போட்ட வூடுங்கம்மா. உங்ககிட்ட முடிச்சுட்டுச் சொல்லோணும்னு இருந்தாருங்க. தெனமும் சோத்தத் தூக்கிக்கிட்டு வந்துருவாரு. எம்மவன் ஒரு ஊரே கட்டி வச்சிருக்கான், அதை ஒடைக்காம உள்ள கொண்டாரணும், பின்னாடி சொவுத்த எழுப்பாதீங்கன்னு கெஞ்சி, எங்களோட நின்னு கல்லுகூடத் தூக்குனாருங்க. இந்த வூட்டுச் சொவுத்தையும் நாங்களே ஒடைச்சுத் திரும்பக் கட்டித் தரோணும்னு பேசியிருந்தாருங்க. அங்க சொவுத்த இன்னும் தொறந்துதான் வச்சிருக்கோம். மேஸ்திரி ஏசுறாரு. அடைச்சரலாங்களா?"

இப்போது அடைக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அளவு என்ன என்றும் கேட்டேன். தாராளமாகப் போகும், சார். அப்பா இரண்டு பக்கமும் இடம் விட்டே சொல்லியிருக்கிறார்.

பெரியண்ணன் போன பிறகு அம்மா பின்னறைக்குப் போனாள். ரொம்ப நேரம் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூலர் ஸ்டாண்டுக்கும் கால்வாய்க்கும் ஒரு கை தூரம்தான். சுவரில் தெறித்த கறை இன்னும் போகவில்லை.

"எய்யா, சொவத்துலெல்லாம் தெறிச்சிருக்கு. இந்தத் தண்ணி மேல ஒரு பொட்டுகூட இல்லையே" என்றாள்.

"மூடியிருந்தேன்மா."

"எப்ப மூடுன?"

அம்மாவிடம் நான் பொய் சொல்வதில்லை. "அப்பாவைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி" என்றேன்.

அவள் செருப்பைக்கூடப் போடாமல் வெயிலில் இறங்கி உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே வந்தேன். அவளுக்கு இந்தி அவ்வளவாக வராது; நான் இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பாளோ.

நடந்தது இவ்வளவுதான். இப்போது நீங்களே நியாயம் சொல்லுங்கள். அப்பா என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரிட்டயர் ஆகிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும், அவரைத் தொட்டிருக்கவே மாட்டேன். தொட்டு என்ன பிரயோஜனம்? வீடு கட்டுகிறேன் என்று சொல்லியிருந்தாலும் போதும். பெற்ற பிள்ளையிடம் இரண்டையும் மறைத்து, ஒன்றுக்கும் உதவாத ஒரு காரியத்தை என் கையால் செய்ய வைத்துவிட்டார். காரணமில்லாமல் நான் ஒரு எறும்பைக்கூட மிதிக்கிறவன் இல்லை.

பெரியண்ணன் கொஞ்ச நாள்தான் பொறுப்பார். குவார்ட்டர்ஸைப் பூட்டி சீல் வைப்பதற்கு முன் நாலைந்து கான்ஸ்டபிள்களை அனுப்பினால் நல்லது. பின்னறைச் சுவரைப் பெரியண்ணன் ஆட்கள் உடைத்துக் கொடுப்பார்கள்; நாலு மூலையையும் சமமாகத் தூக்கச் சொல்லுங்கள். பாலத்தில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம்.

அப்புறம் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். அவளிடம் நீங்கள் ஒன்று சொல்ல வேண்டும், சார்: அப்பா மேல் எனக்கு இப்போது வருத்தம் எதுவும் இல்லை, நான் அவரை மன்னித்துவிட்டேன்.