அடிமட்டம் போன இடம்

பிற்பகல் இரண்டு பத்துக்கு அந்தப் பேச்சு தொடங்கியது. பெரகலைக்குப் போகும் பஸ், மலைச்சரிவிலுள்ள கொஸ்லந்தையில் மழைக்குள் நின்றுகொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் ஒரு தாய் அளவுகோலைத் தேடித் தன் மகளின் புத்தகப் பையைத் துழாவினாள்.

"அடிமட்டம் எங்கடி?"

"அத சொல்லக் கூடாதும்மா. டீச்சர் சொல்லிருக்காங்க."

"தொலைச்சிட்டு டீச்சர் மேல போடுறியா?"

"தொலைக்கல. வகுப்புக்குப் பின்னால தரை வெடிச்சிருக்கு. தெனமும் காலையில அதுக்குள்ள அடிமட்டத்த விட்டு அளப்போம். நேத்து பாதிதான் போச்சு. இன்னிக்கு முழுசா உள்ள போயிருச்சு. விழுந்த சத்தமே கேக்கல."

தாயின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"ஏன்டி வீட்ல சொல்லல?"

"சொன்னா நீங்கல்லாம் பயந்துக்கிட்டு ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டீங்களாம்."

சிறுமியின் கழுத்துப் பட்டியில் இருந்த பள்ளிச் சின்னத்தைப் பார்த்தேன். என் மகனின் பள்ளிக்கூடம். அவன் வீட்டில் ஒன்றுமே சொன்னதில்லை.

பஸ் புறப்படும்போது ஒரு பெண் நனைந்தபடி ஏறினார். "டீச்சர்" என்று சிறுமி முணுமுணுத்தாள்.

தாய் எழுந்து நின்று, "தரை வெடிச்சிருக்கது உண்மைங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

டீச்சர் சிறுமியைப் பார்த்தார். பிறகு தாயின் காதருகே குனிந்தார். பின்சீட்டில் எனக்கும் கேட்டது.

"நாளைக்குப் பிள்ளைய அனுப்பாதீங்க. நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."