முடிவுத் திகதி

பகல் பன்னிரண்டரை. கண்டக்குழியிலயிருந்து எத்தாளைக்கு வாற மணல் ரோட்டு. ஒரு காக்கா இல்ல… ஒரு நாய் இல்ல…

பேய்க்கு இரவுதான் வேணும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? இது நடந்தது நட்டநடுப் பகல்ல. சிரிக்காத கில்பட். அந்த லாம்ப இஞ்சால தள்ளி வச்சிட்டுக் கிட்ட வந்து இரி. கடல் காத்துக்குச் சத்தம் போட்டுக் கதைக்க என்னால ஏலா.

நடந்தது நம்மட சியாம்ட மச்சான் ஜவாஹிருக்கு. கொரோனாக் காலம். கிராமத்த மூடி வச்சிருந்தாங்க.

ஜவாஹிர் சுகாதாரக் கந்தோர்ல நாள்கூலி. தொண்ணூறாம் ஆண்டு மன்னார்ப் பக்கமிருந்து முஸ்லிம் சனத்த விரட்டினப்ப ஒரு உடுப்புப் பையோட வந்த மனுசன். டெங்கு வந்தா டயர்த் தண்ணிய ஊத்துறது அவர். எலிக்காய்ச்சல் வந்தா வயலுக்கு வயல் குளுசை குடுக்கிறது அவர். கொழும்பில பெரிய பெரிய கூட்டம் வச்சி, எந்த நோய் வந்தாலும் நாடு ஆயத்தம் எண்டு டீவியில சொல்லுவாங்க. நான் நம்பினதில்ல. எங்கட பக்கத்து ஆயத்தம் எண்டா ஜவாஹிர்தான். ஒரு சைக்கிள், ஒரு பசைவாளி, சட்டைப் பையில ஒரு பேனை.

கொரோனா வந்த பொறகு அவர்ட வேலை நோட்டீஸ் ஒட்டுறது. இந்த வீடு தனிமைப்படுத்தப்பட்டிருக்கு, ஒருத்தரும் போகவும் ஏலா, வரவும் ஏலா எண்டு சிவப்பு எழுத்துல இருக்கும். கீழ ரெண்டு கோடு. ஒண்டுல தொடங்குற திகதி, மத்ததுல முடியிற திகதி. அத ஜவாஹிர்தான் எழுதுவார். பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போட சரி. அதால விரல விட்டு எண்ணுவார். பதினாலு நாள். எந்த வீடு எண்டாலும் பதினாலு. பிழைச்சா ஒரு கோடு கிழிச்சு, பக்கத்துல சரியானத எழுதி, சின்னக் கையெழுத்து ஒண்டு வைக்கணும். கந்தோர்ச் சட்டம் அது.

பதினொரு மாசமா லீவில்ல. இருந்த இடத்துல நித்திரை வருமாம் மனுசனுக்கு. சோத்துப் பீங்கான் மடியில இருக்க இருக்கக் கண் போயிடுமாம்.

இந்த நேரத்துலதான் அவர்ட கூடப்பொறந்த அக்கா, நஃபீஸா ராத்தாவுக்குக் காய்ச்சல். எத்தாளையில கடைசி வீடு. புருசன் மவுத்து, மகன் கட்டார்ல. சீனி வருத்தமும் இருக்கு. ஜவாஹிர் பின்பக்கத்தால போய்க் கஞ்சி வச்சிட்டு வருவார். கந்தோருக்குச் சொல்லல்ல.

ஏன் சொல்லல்ல? அந்தக் காலம் உங்களுக்குத் தெரியும். கொரோனால மவுத்தானா ஆராயிருந்தாலும் எரிக்கிறதுதான் சட்டம்.

"தம்பி… என்னய அவங்கட கையில குடுத்திராத. எரிச்சிருவாங்கடா."

"சும்மா இரிங்க ராத்தா. இது சாதாக் காய்ச்சல்."

"ஊரெல்லாம் ஒட்டிக்கிட்டுத் திரியிறியே, எனக்கு மட்டும் ஒட்ட மாட்டியா?"

"உங்களுக்கு ஒட்டுறதா இருந்தா முதல்ல வாயிலதான் ஒட்டணும்."

சிரிச்சாவாம். சிரிப்பு இருமலாப் போய், இருமல் நிக்கிறதுக்குக் கால் மணித்தியாலம். பொறகு இவர்ட கையப் புடிச்சி, "மண்ணுக்குள்ள வை. வேற ஒண்டும் கேக்கல்ல" எண்டாவாம். ஜவாஹிர் ஓம் எண்டு சொல்லிட்டார். சொல்லிட்டு சைக்கிள உருட்டிக்கிட்டு வெளிய வந்தா… அத எப்பிடிக் காப்பாத்துறது எண்டு அவருக்கே தெரியாது.

சரி. இனி மத்தது.

முதல்ல கண்டக்குழியில கருவாடு போடுற பாக்கியம்மாட வீடு. ஜவாஹிர் அண்டைக்கு ஒட்ட வேண்டிய வீட்டு லிஸ்டோட அந்த வழியால போறார். பாக்கியம்மாட பேர் லிஸ்டுல இல்ல. ஆனா கதவுல நோட்டீஸ் இருக்கு. தொட்டுப் பார்த்தா… பசை ஈரம்.

பாக்கியம்மா யன்னலால எட்டிப் பார்த்துக் கத்துறா. "என்ன ஜவாஹிர், சொல்லாமக் கொள்ளாம ஒட்டிட்டுப் போறீர்? எனக்கு ஒரு தும்மலும் இல்லையே!"

"நான் ஒட்டல்ல அக்கா."

"அப்ப ஆர், புனித அந்தோனியாரா?"

கந்தோருக்கு வந்து சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ. வின்சன்ட் ஐயாவிட்டக் கேட்டார். அவர் சிலாபத்துப் பொடியன். நல்லவன், ஆனா அவனும் நித்திரையில்லாமச் செத்துக்கிட்டுத்தான் இருந்தான். "நானா, கந்தோர்ல இரிக்கிறது ஒரு பசைவாளி. அது உங்கட சைக்கிள்லதான் தொங்குது" எண்டான். எண்டாலும் போய்ப் பாக்கியம்மாவுக்கு மூக்குல குச்சி விட்டுப் பார்த்தாங்க. இருந்தது. கொண்டு போனாங்க. நோட்டீஸ்ல பதினாலு நாள் போட்டிருந்தது. சரியா அண்டைக்கு வந்து இறங்கினா. அடுத்த நாளே கருவாடு காயப் போட்டுட்டா.

ரெண்டாவது, எஞ்சின் திருத்துற மிஹ்லார்ட வீடு. அதுவும் லிஸ்டுல இல்ல. அதுலயும் நோட்டீஸ், அதுலயும் ஈரப்பசை. ஆனா முடியிற திகதி மூண்டு நாள்தான். ஆரோ எண்ணத் தெரியாதவன் எழுதியிருக்கான் எண்டு நினைச்சார் ஜவாஹிர். கிட்டப் போய்ப் பார்த்தா, எழுத்து இவர்ட எழுத்து மாதிரியே இருக்கு. நாலுக்கு மேல இவர் ஒரு சுழி போடுவார், அந்தச் சுழியும் இருக்கு. பசையில ஒரு மணம்… கோதுமை மா மணம் இல்ல. கற்பூரம். மவுத்தானவங்கட மையித்தக் குளிப்பாட்டுற தண்ணியில போடுவமே, அந்த மணம்.

மூண்டாம் நாள் மிஹ்லார் ஆஸ்பத்திரியில மவுத்து. எரிச்சாங்க. சாம்பலோட ஒரு மண் முட்டியக் கொண்டு வந்து குடுத்தாங்களாம். பொஞ்சாதி ரம்ஸியா கை நீட்டல்லயாம். முட்டி வாசல்லயே இருந்ததாம், ரெண்டு நாள்.

அதுக்குப் பொறகுதான் ஜவாஹிருக்கு விளங்கினது. அந்த நோட்டீஸ்ல முடியிற திகதி எண்டது வீட்டுக்கு இல்ல… ஆளுக்கு. பாக்கியம்மாவுக்கு அண்டைக்கு வருத்தம் முடிஞ்சது, மிஹ்லாருக்கு உசிரு.

இப்ப அந்தப் பன்னிரண்டரைக்கு வாறன்.

பெப்ரவரி மாசம் இருபதாம் திகதி. வெயில் எண்டா மணலே வெள்ளையா எரியுது. ஜவாஹிர் தலையக் குனிஞ்சி மிதிச்சிக்கிட்டு வாறார். முன்னால ஒரு சத்தம்… சரக்… சரக்… பொலித்தீன் உரசுற சத்தம். நிமிர்ந்து பார்த்தா முன்னால ஒரு ஆள் நடந்து போறான். தலையிலயிருந்து கால் வரைக்கும் வெள்ளைக் கவச உடுப்பு. கையில வாளி.

கந்தோர் ஆள் எண்டு நினைச்சிக் கூப்பிட்டார். திரும்பல்ல. ஓடவும் இல்ல. நம்மளப் போலக் களைச்ச நடை… வேலைக்குப் போற நடை. சைக்கிள் எவ்வளவு மிதிச்சாலும் இடைவெளி குறையல்ல. மணல்ல அந்த ஆள்ட அடி ஒண்டும் விழல்ல.

வளைவில ஆள் எத்தாளைக் கடைசி ஒழுங்கைக்குத் திரும்பினான். அந்த ஒழுங்கையில ஒரு வீடுதான் இருக்கு.

ஜவாஹிர் சைக்கிளப் போட்டுட்டு ஓடினார். ஐம்பத்தாறு வயசு மனுசன், மணல்ல, அந்த வெயில்ல. ஓடுறப்பக் கேக்குது… சளக்… சளக்… பலகையில பசை பூசுற சத்தம். போய்ச் சேர ஆள் இல்ல. கதவுல நோட்டீஸ்.

தொடங்குற திகதி இருபது. முடியிற திகதி… அதுவும் இருபது.

உள்ளுக்கு ராத்தா மூச்சு இழுக்கிறது வெளியில கேக்குதாம். இழுக்குது… நிக்குது… பொறகு இழுக்குது. நிக்கிற நேரம் கூடிக்கிட்டுப் போகுது. வீட்டுக்குப் பின்னால பொலித்தீன் உரசுது. ஆள் போகல்ல. நிண்டு பார்த்துக்கிட்டு இருக்கான்.

வேற ஆளா இருந்தா அலறியிருப்பான், இல்லாட்டி ஓதியிருப்பான். ஜவாஹிருக்குக் கையில வந்தது பேனை. பதினொரு மாசமா அந்தக் கை பழகின பழக்கம் அது. முடியிற திகதிக்கு மேல ஒரு கோடு கிழிச்சார். விரல விட்டு எண்ணினார். பக்கத்துல மார்ச் ஆறு எண்டு எழுதினார். சின்னக் கையெழுத்தும் வச்சார்.

பின்னால உரசல் நிண்டது. பொறகு சரக்… சரக்… எண்டு களப்புத் தண்ணிப் பக்கமாப் போய் இல்லாமப் போயிட்டுது.

ஜவாஹிர் நோட்டீஸ உரிச்சி, சுருட்டி, கொண்டு போய்க் களப்புல போட்டார். உள்ளுக்குப் போனா ராத்தாவுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கு. பொழுதுபட, மஃரிபுக்கு முதல் எழும்பி இருந்து, "பாணும் பிளேன்டியும் தாடா" எண்டாவாம். ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. பொஞ்சாதி ஸபீனாவுக்குக் கூட இவர் சொல்லல்ல.

ஒரு கிழமை போக ரேடியோவுல சொன்னாங்க, இனி அடக்கலாமாம், தூரத்துல கிழக்குப் பக்கம் ஒரு இடத்துல மட்டும். நான் அதையும் நம்பல்ல, காலையில ஒண்டு சொல்லிப் பின்னேரம் மாத்துறவங்க அவங்க. ஆனா நஃபீஸா ராத்தா அண்டைக்கு அழுதழுது சிரிச்சா. தானே மீன் கழுவி ஆக்கினா.

பன்னிரண்டாம் நாள் ஜவாஹிர் கந்தோர்ல இன்னொரு வீட்டுக்குத் திகதி எண்ணிக்கிட்டு இருக்கார். விரல் பாதியில நிண்டுட்டுது. அப்பதான் மனுசனுக்கு விளங்கினது, தான் என்ன எழுதினது எண்டு.

பேனை இவர்ட கையில இருந்தது. அடுத்த வருசம் எண்டு எழுதியிருக்கலாம். பத்து வருசம் எண்டு எழுதியிருக்கலாம். ஆர் கேக்கப் போறது? கை பழக்கத்துல பதினாலு போட்டுட்டுது.

புது நோட்டீஸ் ஒண்டு எடுத்து, முடியிற திகதி இருபது வருசத்துக்குத் தள்ளிப் போட்டு, ராத்தா பகல் நித்திரையில கிடக்க அவட கதவுல ஒட்டினார். விழுந்துட்டுது. இன்னும் பசை பூசி ஒட்டினார். அதுவும் விழுந்துட்டுது. மூண்டாந்தரம் உள்ளங்கையால அழுத்திப் புடிச்சிக்கிட்டு நிண்டார், பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லி முடியும் வரைக்கும். கைய எடுத்தார். கடதாசி மெதுவா… தோல் உரியிற மாதிரி… கழண்டு விழுந்துட்டுது.

மார்ச் ஆறு. அஸருக்குப் பொறகு, அரிசி புடைச்சிக்கிட்டு இருந்தவ அப்படியே சாஞ்சிட்டா. சுளகு மடியில. ஒரு அரிசி கொட்டல்லயாம். இந்தமுறை ஜவாஹிர் ஒளிக்கல்ல, வின்சன்ட் ஐயாவ அவரே கூப்பிட்டார். குச்சி விட்டுப் பார்த்தாங்க. இருந்தது. பெட்டியில வச்சி லொறியில கிழக்குக்குக் கொண்டு போனாங்க. ஜவாஹிரும் போனார். தூரத்துல நிப்பாட்டி வச்சித்தான் காட்டினாங்க. எண்டாலும் மண்ணுக்குள்ள வச்சாங்க. தன்ட கண்ணால பார்த்தார். எரிக்கல்ல. அந்தப் பதினாலு நாள் இல்லாட்டி எரிச்சிருப்பாங்க. ரெண்டு கிழமை முந்தியிருந்தா எரிச்சிருப்பாங்களே எண்டு, விசயம் தெரியாமலே ஊர்ல எல்லாரும் அவரத் தேத்தினாங்க.

ஆனா மனுசன் அதுக்குப் பொறகு பேனை தொடல்ல. கந்தோர் வேலையையும் விட்டுட்டார். ஏன் எண்டு சியாமுக்கு மட்டும் ஒருக்காச் சொல்லியிருக்கார். சியாம் எனக்குச் சொன்னது.

மவுத்தாகிறதுக்கு முதல் நாள் பின்னேரம். ராத்தா சுகமா இருக்கா, இவருக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறா. பள்ளிக்கூட வாசலே மிதிக்காத மனிசி, ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. அண்டைக்குக் கதவுல இருந்த நோட்டீஸ அவ காணவும் இல்ல, பின்னறையில மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்தவ.

கோப்பைய நீட்டிக்கிட்டே, கோபமும் இல்லாம, சும்மா கேட்டாவாம்:

"எழுதினது நீதானேடா தம்பி… கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கக் கூடாதா?"